"ஆமாங்கய்யா" என்று சொல்லும் முன்...



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எந்தக் காகிதம் வந்தாலும், "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்படித்தான் சித்தப்பா ஒரு பழைய கோர்ட் காகிதத்தை நீட்டினார்.

மீன் ஏலத்தில் நடந்த கைகலப்பு. விலக்கிவிடப் போன சித்தப்பாவின் பெயரும் வழக்கில் சேர்ந்துவிட்டது. "ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டுப் போ, கேஸ் முடிஞ்சிடும்" என்று பக்கத்தில் நின்ற யாரோ சொல்ல, நீதிபதி கேட்டதும் "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டார். கேஸ் முடிந்தது. ஆனால் வளைகுடா வேலைக்குக் காவல்துறைச் சான்று வாங்கப் போனபோது அந்தத் தண்டனை குறுக்கே வந்து நின்றது.

"அன்னைக்கு சொன்னதை வாபஸ் வாங்க முடியாதாடா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டிக்க 'வேண்டும்' என்று அது சொல்லவில்லை; நீதிபதி தண்டிக்க'லாம்' என்றுதான் சொல்கிறது (பிரிவுகள் 252, 264, 275). அந்த 'லாம்'தான் நமக்கு இருக்கும் கதவு. தீர்ப்புக்கு முன்பே, "ஐயா, புரியாமல் சொல்லிவிட்டேன், வழக்கை நடத்துகிறேன்" என்று சொல்லிவிட்டால், ஒப்புதலை ஏற்காமல் விசாரணையைத் தொடர நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. வாபஸ் வாங்க என்று தனிப் பிரிவு எதுவும் கிடையாது.

தீர்ப்பு வந்த பிறகோ கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ அதன் சட்டத்தன்மையையோ எதிர்த்துத்தான் அப்பீல் செய்யலாம். "நான் குற்றவாளி இல்லை" என்று அப்பீல் போக முடியாது (பிரிவு 416). ஒப்புதலே முறையாகப் பதிவாகவில்லை என்றால் சீராய்வு மனு போடலாம். அதற்குக் கெடு 90 நாள்.

'முறையாக' என்றால் என்ன? சென்னை மாநில மதுவிலக்குச் சட்ட வழக்கு ஒன்று, மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 1966 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதைக் கூடியவரை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். அது வெறும் சடங்கல்ல, அவருடைய அப்பீல் உரிமையே அதில்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. அப்படி எழுதாததால் தண்டனை ரத்தானது.

நாடே பார்த்த வழக்கும் உண்டு. மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாப், 2009 ஜூலை 20 அன்று விசாரணையின் நடுவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிபதி தஹிலியானி அதைப் பதிவு செய்துகொண்டார்; ஆனால் விசாரணையை நிறுத்தவில்லை. டிசம்பரில் கசாப் "அடித்துச் சொல்ல வைத்தார்கள்" என்று மறுத்துவிட்டான். சாட்சிகளை எல்லாம் விசாரித்து முடித்த பிறகே 2010 மே மாதம் தீர்ப்பு வந்தது. அவனுக்கே அவ்வளவு பொறுமை காட்டிய சட்டத்தில், ஒரு மீனவர் மட்டும் ஒரு நிமிடத்தில் "ஆமாங்கய்யா" சொல்லி முடித்துக்கொள்ள வேண்டுமா?

நம் காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர். பிரெஞ்சு முறையில் ஒருவர் ஒப்புக்கொண்டாலும் அது இன்னொரு சாட்சியம்தான். மற்ற சாட்சியங்களையும் நீதிபதி எடைபோட வேண்டும். ஒப்புதலை வைத்தே தண்டனை தரும் முறை பிரான்சுக்கே 2004-இல்தான் வந்தது.

நண்பர்களே, லேத்தில் அதிகமாகச் சீவிவிட்ட இரும்பை மறுபடி ஒட்ட வைக்க முடியாது. அதனால்தான் சீவும் முன் அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். கோர்ட்டிலும் அப்படித்தான். "எனக்கு வக்கீல் வேண்டும், அவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீல் இலவசம்.

சித்தப்பாவுக்குக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுதி மனு போட்டிருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை. அந்தக் காரணத்தை அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதிக் கொடுத்தது நான்தான்.

உங்கள் வீட்டிலும் காகிதம் நீட்டுகிற ஒரு சித்தப்பா இருப்பார். "ஆமாங்கய்யா" என்று சொல்லும் முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.