முடிச்சுகளில் மலர்ந்த ஓவியம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கல்லிலே கலை வளர்த்தான் மனிதன், சுவரிலே வளர்த்தான், காலடியில் விரிக்கும் கம்பளியிலும் வளர்த்தான். கம்பளக் கலையில் உலகம் வியக்கும் உயரத்தை எட்டியவர்கள் பாரசீகர்கள். அவர்களுடைய பழங்கம்பளங்களுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் அர்தபில் கம்பளத்தைப் பற்றி இங்குக் காண்போம்.

பிறந்த கதை

ஈரானின் வடமேற்கில் உள்ள நகரம் அர்தபில். சபாவி அரச மரபின் முன்னோரான ஷேக் சஃபி அல்தீன் 1334-இல் மறைந்து அங்கே அடக்கமானார். அவருடைய அடக்கத்தலத்தில் விரிப்பதற்காகவே, மன்னர் ஷா தமாஸ்ப் காலத்தில், ஒரே வடிவில் இரு கம்பளங்கள் நெய்யப்பட்டன எனக் கருதப்படுகிறது. கம்பளத்திலேயே ஹிஜ்ரி 946 என்ற ஆண்டு நெய்யப்பட்டிருக்கிறது. அது கி.பி. 1539-40 ஆகும்.

வடிவ அழகு

கருநீலப் பரப்பின் நடுவே கதிரவன் போன்ற ஒரு பெரிய பதக்கம். அதைச் சுற்றி 16 சிறு பதக்கங்கள். இரு முனைகளிலும் தொங்கும் விளக்குகள். எங்கும் பின்னிப் படர்ந்த கொடியும் மலரும். விளக்குகளில் ஒன்று பெரியது, மற்றது சிறியது. இத்தனைக்கும் பயன்பட்டவை பத்தே நிறங்கள் என்றால் வியப்பாக இல்லையா?

சாயமும் வேதியியலும்

பாவும் ஊடையும் பட்டு. மேலே தெரியும் முடிச்சுகளோ ஆட்டுக் கம்பளி. பட்டைவிடக் கம்பளி சாயத்தை நன்கு பற்றிக்கொள்ளும் என்பதே காரணம். பாரசீகச் சாயக்காரர்கள் மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்பையும், அவுரியிலிருந்து நீலத்தையும் எடுத்தனர். கம்பளியை முதலில் படிகார நீரில் ஊறவைப்பார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம், வேரிலுள்ள அலிசரினையும் கம்பளியையும் இணைக்கும் பாலமாகிறது. அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது 1868-இல்தான். ஏட்டறிவுக்கு முன்பே கையறிவு இருந்தது!

ஒரு கணக்கு

லண்டனிலுள்ள கம்பளம் ஏறத்தாழ 10.5 மீட்டர் நீளமும் 5.3 மீட்டர் அகலமும் உடையது. அதில் சுமார் 2 கோடியே 60 லட்சம் முடிச்சுகள் உள்ளன. ஒருவர் நிமிடத்திற்கு 10 முடிச்சு வீதம் நாளுக்கு 8 மணி நேரம் முடிந்தால், ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தாலும் 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பத்துப் பேர் சேர்ந்தால் ஒன்றரை ஆண்டு.

பிரிந்த இரட்டையர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டும் நைந்து போயிருந்தன. ஒன்றை வெட்டி அதன் துண்டுகளால் மற்றதைச் செப்பனிட்டு விற்றனர். முழுமை பெற்றதை, வில்லியம் மாரிஸ் என்னும் கலைஞரின் பரிந்துரையின்பேரில், 1893-இல் 2,000 பவுனுக்கு லண்டன் அருங்காட்சியகம் வாங்கியது. நிறம் மங்காதிருக்க, ஒவ்வொரு அரைமணிக்கும் பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கு எரிகிறது. கரையை இழந்து குறுகிய மற்றொன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது.

பெயர் இல்லாதவர்கள்

கம்பளத்தின் ஒரு முனையில் கவிஞர் ஹாபிஸின் ஈரடியும், அதன்கீழ் மக்சூத் காஷானி என்ற பெயரும் உள்ளன. அவர் வேலையை முன்னின்று நடத்தியவராக இருக்கலாம். ஆனால் 2 கோடியே 60 லட்சம் முடிச்சுகளும் ஒருவர் கைவேலையாக இருக்க முடியாது. மற்றவர்கள் யார்?

என் தந்தையும் ஒரு நெசவாளர். அவர் நெய்யும் சேலை கடைக்குப் போனதும் அதில் கடையின் பெயர் ஏறுகிறது. அவர் பெயர் எங்கும் இல்லை. அர்தபில் கம்பளத்தைப் பற்றிப் படித்தபோது, அதன் பதக்கத்தையும் விளக்குகளையும்விட, பெயர் எழுதப்படாத அந்த விரல்களே என் கண்முன் நின்றன. ஒரு துணியைப் பார்த்து 'அழகு' என்று சொல்லும்போது, அதை நெய்தவரையும் ஒரு கணம் நினைப்போமாக!