நீர்க்கரையில் வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. மலைமேற் பெய்யும் மழை ஓடைகளின் வழியே விரைந்திறங்கிக் கண்மாய்களை நிரப்புகின்றது. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குச் செல்லும். இவ்வழியிலுள்ள வீடுகள் சில வேளைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

கிணற்றில் நீர் ஊறும், வயலும் அருகிலிருக்கும். இவை நன்மைகளே. தீமையோ பல வருஷங்கள் மறைந்திருந்து ஓரிரவில் வெளிப்படும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களிற் பெருமழை பெய்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. குளக்கரைகள் பல உடைந்தன. கடன் பெற்று வாங்கியவருக்கு வீடு இடியினும் கடன் தீராது.

ஆதலின் கிரயத்திற்கு முன் மூன்று காரியங்கள் அவசியம்.

முதலாவது, வீட்டைச் சித்திரையிற் பாராமல் ஐப்பசி, கார்த்திகையிற் பார்க்க வேண்டும். சுவரிலுள்ள நீர்க்கறையின் உயரத்தை அளந்து, மறுகால் சென்ற வழியை முதியோரிடம் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, கிராமக் கணக்கையும் நில அளவைப் படத்தையும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களையே காட்டும். நிலம் ஓடைப் புறம்போக்கா என்பதைக் காட்டாது. புறம்போக்காயின் எவ்விலைக்கும் வாங்கலாகாது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ஆம் வருஷத்துச் சட்டமே உண்டு.

மூன்றாவது, நீர்க்கறைக்கு மேல் தரையை உயர்த்தும் செலவை விலையுடன் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகை மேட்டு நிலத்து வீட்டின் விலையை எட்டுமாயின், மேட்டு வீட்டையே வாங்குவது லாபம்.