சதுப்பை விட்டுவைக்கும் தொட்டிக் கலவை

1984இல் இங்கிலாந்தின் லிண்டோ மாஸ் சதுப்பில் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித உடலைக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைய உடல். தோலும் தாடியும், வயிற்றில் கடைசியாக உண்ட உணவும்கூட அழியாமல் இருந்தன.

அந்த உடலைக் காத்த சதுப்பு, மடிந்த தாவரங்களையும் அப்படித்தான் காத்து வைக்கிறது. அங்கே வளரும் ஸ்பேக்னம் பாசி தன் உலர் எடையைப் போல் 20 மடங்குவரை நீரைப் பிடித்துக்கொள்ளும். எப்போதும் நீர் தேங்கிய, புளிப்பேறிய அந்த இடத்தில் ஆக்சிஜன் கீழே இறங்காது. நுண்ணுயிர்களால் பாசியை முழுவதும் மட்கவைக்க முடியாது. அது படிந்து படிந்து பீட் ஆகிறது, ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம். 20 சென்டிமீட்டர் சேர 200 ஆண்டு ஆகும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே பீட் நிலம். ஆனால் அதில் அடங்கிய கார்பன், உலகின் காட்டு மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகம்.

இதைத்தான் வெட்டிப் பையில் அடைத்துப் பூந்தொட்டிக்கு விற்கிறார்கள். முதலில் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடியவிடுவார்கள். காற்று பட்டதும், பல்லாயிரம் ஆண்டுகளாக நின்றிருந்த மட்கல் தொடங்கிவிடும். தொட்டியிலும் அது தொடர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். இத்தனைக்கும் பீட்டில் செடிக்கான சத்து அநேகமாக இல்லை. எடை குறைவு, நீரும் காற்றும் நிற்கும், களை விதை இராது: இவையே அதன் சிறப்பு.

இவற்றை மரப்பட்டை, மர நார், தோட்டக் கழிவு உரம், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றின் கலவையிலும் பெறலாம். பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் நார் ஆலைகளின் ஓரத்தில் குவிந்துகிடந்த தூள்தான் இன்று கட்டிகளாகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. நார்த்தூளில் உப்பு உண்டு. நன்றாகக் கழுவாததைப் போட்டால் இலை நுனி கருகும். கழுவச் செலவாகும் நீரையும் கப்பல் பயணத்தையும் கணக்கில் எடுத்தாலும், சதுப்பைக் குடைவதைவிட இது எவ்வளவோ மேல்.

பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இந்தக் கலவையின் மேற்பரப்பு சீக்கிரம் காயும், அடியில் ஈரம் இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். மர நார் மட்கும்போது நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். ஆகவே உரத்தைச் சற்று முன்னதாகவே கொடுங்கள்.

வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு பீட் விற்பதை 2024க்குள் நிறுத்தப்போவதாக இங்கிலாந்து அரசு 2022இல் அறிவித்தது. சொன்ன கெடுவுக்குள் சட்டம் வரவில்லை. எனவே அங்கே தோட்டம் போடுபவர்கள் பையைப் படித்துத்தான் வாங்க வேண்டும். ‘ஆர்கானிக்’ என்று போட்ட பையிலும் பீட் இருக்கலாம். ‘பீட் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் எடுங்கள்.