ஆற்றைப் பிடித்துக்கொண்டே மலைக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "இந்தத் தடவை எங்கே போகிறோம்?" நாமும் வேன் பிடித்துக்கொண்டு பினாங்குக்கோ கேமரன் மலைக்கோ புறப்பட்டுவிடுகிறோம். கடல், காடு, மலை மூன்றையும் பார்க்க அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. கோலசிலாங்கூரில் கடலைப் பார்த்துவிட்டு, சிலாங்கூர் ஆறு இறங்கி வந்த திசையிலேயே மேலே ஏறினால் இரண்டு நாளில் எல்லாம் பார்த்துத் திரும்பிவிடலாம். வழியில் பாதி, நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய மண்.

முதலில் கடற்கரை. ஜெரம் பக்கத்துப் பந்தாய் ரெமிஸுக்கு வெண்மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது அலையாத்திக் காடு வளரும் சேற்றுக் கரை. தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். ரெமிஸ் என்பதே ஒருவகைச் சிப்பியின் பெயர். மீன், நண்டு சாப்பிடவும் காற்று வாங்கவும் நல்ல இடம்.

அடுத்து மலாவத்தி குன்று. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டையை மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். பீரங்கிகளும் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அதெல்லாம் பொருட்டல்ல, குரங்குதான் வேண்டும். இங்குள்ள லோத்தோங் குரங்கு சாம்பல் நிறம். அதன் குட்டியோ பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்!

இனி உள்நாட்டுப் பாதை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நம் பெரியவர்கள் வாயில் அது இன்னும் பெர்ஜுந்தைதான். இங்கேதான் தென்னமாரம் தோட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் புரிந்திருக்குமே, நம் தென்னைமரம்தான். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்கே போட்டார். தென்னைமரம் என்று பெயர் வைத்துவிட்டு நட்டது செம்பனை! அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூரைப் பெற்றது. அந்தக் கதையில் தமிழர்களும் வருகிறார்கள்.

பின்னாளில் பால்மரக் காடுகள் ஒவ்வொன்றாய்ச் செம்பனையாயின. பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆட்கள் செம்பனைக்கு வேண்டியதில்லை. அப்புறம் பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயம் இருந்த இடத்தை இன்று காட்ட வேண்டுமானால், கோயிலையோ பழைய மாமரத்தையோ அடையாளமாக வைத்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் தோட்டத்தில் பிறந்த பாட்டி இருந்தால் கட்டாயம் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிரட்டுக்களம் எங்கே இருந்தது, ஆயக்கொட்டகை எங்கே இருந்தது என்று சொல்ல, பிறகு ஆள் கிடைக்காது.

பெர்ஜுந்தையில் ஈயம் தோண்டிய கப்பல்கள் போய்விட்டன, ஈயக்குட்டைகள் மிச்சம். ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்களும் இந்த வட்டாரத்தில்தான். சிலாங்கூர், கோலாலம்பூர் மக்கள் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆற்றுத் தண்ணீர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

ரவாங், செரண்டா, ராசா தாண்டினால் கோலகுபு பாரு. 'பாரு' என்றால் புதிது. பழைய கோலகுபுவுக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1883 அக்டோபர் 29-ஆம் நாள் அணை உடைந்து வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி ரேங்கிங் என்பவரும் மாண்டார். ஆற்றைக் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை என்று ஊரார் சொன்னார்கள். பின்னாளில் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றை நிரப்பி, வெள்ளம் ஓயாமல் வரவே, ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள்.

ஊரைத் தாண்டினால் இன்றைய சிலாங்கூர் ஆற்று அணை. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டி முடித்தது. இதற்காக இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. நீர்ப்பரப்பு பார்க்க அழகுதான். ஆனால் இடம்பெயர்வது என்னவென்று தோட்டத்தை விட்டு வந்த நமக்கா சொல்லித்தர வேண்டும்?

இங்கிருந்து மழைக்காடு. மூங்கில், பிரம்பு, பெரணி, ஓயாத வளைவுகள். தலை சுற்றுகிற பிள்ளைகளுக்கு ஆசாம் போய் கையோடு இருக்கட்டும். கண்ணாடியை இறக்கிவிட்டால் சியாமாங் குரங்கு கூவுவது கேட்கலாம். 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிய கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மலைப்பாதையில்தான். அவசரகாலத்தில் பல தோட்டத்து லயங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

கேப்பிலிருந்து மேலே பிரேசர் மலை, பகாங் எல்லைக்குள். ஈயத் தொழில் செய்த ஸ்காட்லாந்துக்காரர் பிரேசரின் பெயர். 1917-இல் சிங்கப்பூர் பிஷப் அவரைத் தேடிப் போனபோது ஆளைக் காணோம், இடம்தான் கிடைத்தது. 1922-இல் துரைமார்களின் ஓய்விடமாயிற்று. வெக்கை தாங்காமல் அவர்கள் ஏறிய மலையில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் ஓடியாடட்டும். மண் சரிவால் பாதை மூடப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு தங்கிவிட்டு மறுநாள் இறங்கி, பொழுது சாயும் நேரத்தில் கம்போங் குவாந்தானுக்கு வந்துவிடுங்கள். ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள், யாரோ விசையைத் தட்டியதுபோல் சேர்ந்தே மின்னிச் சேர்ந்தே அணைகின்றன. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். இவற்றின் புழுக்கள் கரையின் ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரை வரை மரத்தை வெட்டிச் செம்பனை நட்டால் புழுவுக்கு இடமில்லை. மேலே அணையிலிருந்து நல்ல தண்ணீர் போதுமான அளவு வராவிட்டால் கடலின் உப்பு ஆற்றில் மேலேறி, பெரெம்பாங் மரத்துக்கும் நத்தைக்கும் கேடு. முதல் நாள் மலையில் பார்த்த அந்தத் தண்ணீர்தான் இங்கே விளக்கெரிக்கிறது.

நிலா வெளிச்சம் இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். மழை பெய்தால் பூச்சிகள் அடங்கிவிடும். படகில் டார்ச் அடிக்க வேண்டாம், கைத்தொலைபேசியையும் அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் ஆகும், அதுவரை பிள்ளைகளைச் சும்மா உட்காரச் சொல்லுங்கள்.