பம்பை மாற்றுவதற்கு முன் மூடியைத் திற!



"வண்டி நின்னுபோச்சா? பம்பு போயிருக்கும், மாத்திடு!" - இந்த ஒரு வரியை எத்தனை ஒர்க்‌ஷாப்பில் கேட்டிருப்போம்! சில சமயம் பம்பு போயிருக்கும். பல சமயம் போயிருக்காது. இரண்டுக்கும் நடுவில் காலியாவது வண்டிக்காரரின் பர்ஸ்.

இன்-பிளாண்ட் டிரெய்னிங்கின்போது நான் பார்த்த ஒரு பழைய பிரீமியர் பத்மினியின் கதையோடு ஆரம்பிக்கிறேன். ஃபியட் 1100 வம்சத்தில் வந்த 1089 சி.சி. வண்டி அது. உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் நம்ம ஊரில் இன்னும் சில வீட்டு வாசல்களில் பளபளவென்று நிற்கிறது. இந்த வண்டியின் சொந்தக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். வாரம் இரண்டு நாள் மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவது இந்த வண்டியில்தான்.

கம்ப்ளெயின்ட் இதுதான்: காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிஷம் ஓடும். அப்புறம் திணறும், இழுக்கும், நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரமாக நிறுத்திவைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். வேறொரு இடத்தில் இக்னிஷன் காயில், கண்டென்சர், ஏ.சி. பம்ப், கார்பரேட்டர் கிட் எல்லாம் மாற்றிவிட்டார்கள். பென்ஷன் பணம் போனது, நோய் போகவில்லை. பாதி வழியில் வண்டி நின்று, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாளும் உண்டு.

எங்கள் மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவே இல்லை. "சார், நீங்களே ஓட்டுங்க, எங்க நிக்குதோ அங்க பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின் சீட்டில் நான். பைபாஸில் வண்டி நின்றது. "தம்பி, போய் டாங்க் மூடியைத் திற" என்றார். திறந்தேன். "உஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தது. நாலு செல்ஃப் அடித்ததும் வண்டி ஸ்டார்ட்! அதற்கப்புறம் மூடியைத் தளர்த்திவைத்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக வந்தோம். வண்டி நிற்கவே இல்லை.

என்ன நடந்தது?

டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். இந்தக் காற்று மூடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாக வரலாம், தனிக் குழாய் வழியாகவும் வரலாம். வண்டிக்கு வண்டி மாறும். வாத்தியார் வண்டியில் இரண்டு வழியும் அடைபட்டிருந்தன. தொலைந்த மூடிக்குப் பதில் இறுக்கமான வேறு மூடி போட்டிருந்தார்கள். காற்றுக் குழாய்க்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அதனால் டாங்குக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியவில்லை. பத்து நிமிஷம் நின்றால் எங்கோ ஒரு சந்து வழியாகக் காற்று கசிந்து உள்ளே போகும். வண்டி மறுபடி ஓடும். ஸ்ட்ராவை வைத்து இறுக மூடிய பாட்டிலில் இளநீர் குடித்துப் பாருங்கள், புரியும்!

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. காயில் சூடானாலும் இதே மாதிரிதான் நிற்கும். பைப்பில் பெட்ரோல் ஆவியானாலும் இதே மாதிரிதான் நிற்கும். ஆறினால் மூன்றுமே ஓடும். நோய் மூன்று, அறிகுறி ஒன்று! அதனால்தான் அறிகுறியை மட்டும் வைத்துப் பார்ட்ஸ் மாற்றக்கூடாது.

முதலில் பம்பைப் புரிந்துகொள்வோம்

பெட்ரோல் வரும் வழி: டாங்க் - வலை - இரும்புப் பைப் - ரப்பர் ஹோஸ் - பம்ப் - கார்பரேட்டர் நீடில் வால்வ் - ஃப்ளோட் சேம்பர் - ஜெட். ஃபில்டர் பம்புக்கு முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம்.

நாம் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் மெக்கானிக்கல் பம்பில், கேம் ஷாஃப்ட் லீவரைத் தள்ளும். லீவர் டயாப்ரத்தைக் கீழே இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். ஆனால் பெட்ரோலைக் கார்பரேட்டருக்குத் தள்ளுவது கேம் அல்ல, டயாப்ரத்துக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்! வைவாவில் பலர் கோட்டை விடும் இடம் இது. ஃப்ளோட் சேம்பர் நிரம்பி நீடில் மூடிக்கொண்டால், டயாப்ரம் மேலே வர முடியாமல் கீழேயே நிற்கும். லீவர் சும்மா ஆடும். ஆகவே தள்ளும் அழுத்தத்தை நிர்ணயிப்பது ஸ்பிரிங். பொதுவாக 2 முதல் 4 பி.எஸ்.ஐ. வரைதான். அந்த வண்டியின் மேனுவல் சொல்வதே இறுதி.

இதிலிருந்து ஒரு பாடம். பம்பையும் பிளாக்கையும் சேர்க்கும் இடத்தில் இரண்டு பேக்கிங்காகப் போட்டால் பம்ப் கேமிலிருந்து தள்ளிப் போகும். லீவர் அடிக்கும் தூரம் குறையும். புது பம்பு, ஆனால் பழைய நோய்! கழற்றும்போது எவ்வளவு தடிமன் இருந்ததோ அதே தடிமன் போடவேண்டும்.

நின்ற இடத்திலேயே மூன்று சோதனை

வண்டி நின்றவுடன் பாருங்கள். ஆறவிட்டால் சாட்சி ஓடிவிடும்.

1. ஸ்பார்க் இருக்கிறதா? பிளக்கைக் கழற்றி, உடலை எர்த்தில் உறுதியாக வைத்துப் பாருங்கள். பெட்ரோல் பைப் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்தில் ஸ்பார்க் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

2. கார்பரேட்டரில் பெட்ரோல் இருக்கிறதா? எஞ்சின் ஆஃப். ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு த்ராட்டிலைக் கையால் தள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்பரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சினால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. கோளாறு ஜெட்டிலோ இக்னிஷனிலோ. காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை.

3. டாங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். சத்தத்தோடு காற்று உள்ளே போய், வண்டியும் உடனே ஓடினால் விஷயம் முடிந்தது. "பங்க்ல பெட்ரோல் போட்டா கொஞ்ச நேரம் நல்லா ஓடுது" என்று வண்டிக்காரர் சொன்னாலும் இதையே சந்தேகியுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில்: வழியைப் பாதியாகப் பிரி

டாங்கிலிருந்து ஜெட் வரை ஒவ்வொன்றாகக் கழற்றுவது வீண் வேலை. நடுவில் இருப்பது பம்ப். அங்கே பிரியுங்கள்.

முதலில் பம்பின் வெளிப்பக்கம். எஞ்சின் ஆறட்டும். காயிலின் நடு ஒயரை எடுத்து எர்த் பண்ணுங்கள். கார்பரேட்டர் முனையில் பைப்பைக் கழற்றி, ஒரு ஹோஸ் மாட்டி அதைத் தகர டப்பாவுக்குள் விடுங்கள். செல்ஃப் அடித்தால் துடிப்பு துடிப்பாகப் பலமாக விழவேண்டும். அப்படி விழுந்து, கேஜிலும் அழுத்தம் சரியென்றால் டாங்க், பைப், பம்ப் எல்லாம் ஓரளவு நிரபராதி, கார்பரேட்டரைப் பாருங்கள்.

சரியாக விழவில்லையா? பம்பைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். வண்டிப் பைப்பைப் பம்பின் உள்வழியிலிருந்து கழற்றி அடைத்துவிட்டு, ஒரு சின்ன ஹோஸ் மாட்டித் தரையில் வைத்த சுத்தமான பெட்ரோல் கேனுக்குள் விடுங்கள். இப்போது நன்றாக விழுந்தால் பம்ப் நல்ல பம்ப்! கோளாறு டாங்குக்கும் பம்புக்கும் நடுவில். இப்போதும் விழவில்லையென்றால் மட்டும் பம்பைக் கழற்றுங்கள். கேனை பானெட் மேல் தொங்கவிடும் பழக்கம் வேண்டாம். சூடான மேனிஃபோல்டில் கொட்டினால் வண்டியும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான்.

கண்ணுக்குத் தெரியாத திருடர்கள்

உள்பக்க ஹோஸில் வெடிப்பு: பம்புக்கு முன்னால் உள்ள பைப்பில் இருப்பது உறிஞ்சும் அழுத்தம். ஆகவே வெடிப்பு வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டவேண்டும் என்று கட்டாயமில்லை, காற்று உள்ளே போகும். "ஒழுகல் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். ஹோஸை வளைத்துப் பாருங்கள்.

ஓட்டை டயாப்ரம்: பெட்ரோல் சம்புக்குள் இறங்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருந்து, பெட்ரோல் வாசனையும் அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பம்போடு ஆயிலையும் மாற்றவேண்டும்.

வேப்பர் லாக்: பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதன் லேசான பகுதி 35-40 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும் வண்டிக்கு வேறென்ன வேண்டும்? பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் ஓடினால் இதுதான். துணி முதலுதவி மட்டுமே. பைப் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா, கம்பெனி வைத்த வெப்பத் தடுப்பை யாராவது கழற்றிவிட்டார்களா என்று பார்ப்பதே வைத்தியம்.

ஜெட்டில் தூசி: கம்பியை விட்டுக் குத்தாதீர்கள்! சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று இருந்தால் ஓட்டை 1.20 மி.மீ. என்று அர்த்தம். பித்தளை மெதுவானது, ஒரு குத்துக் குத்தினால் அளவு மாறிப்போகும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

புது வில்லன்: எத்தனால்

இது சிலபஸில் இருக்கிறதோ இல்லையோ, தெரிந்துகொள்ளுங்கள். 2022-ல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2023-ல் 20 சதவீதப் பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்து, 2025-ல் பரவலாகிவிட்டது. பத்மினி போன்ற வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் ஹோஸும் டயாப்ரமும் உப்பலாம், இளகலாம். டாங்கின் அடியில் வருஷக்கணக்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கிளப்பும்; ஃபில்டர் அடிக்கடி அடைபடும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், டாங்கில் துருப்பிடிக்கும். மேலும், ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஜெட் மாறாத கார்பரேட்டரில் கலவை கொஞ்சம் லீனாகும். ஆகவே பழைய வண்டி வந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாப்ரம் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள்.

உயிர் முக்கியம்

பைப்பைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவ் ஒயரை எடுங்கள். செல்ஃப் அடிக்கும் சோதனைக்கு மட்டும் மாட்டினால் போதும். பள்ளத்துக்குள் இந்த வேலை வேண்டாம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். வாயால் உறிஞ்சாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வாத்தியார் வண்டிக்குக் கடைசியில் ஆன செலவு, ஒரு சரியான மூடி. காற்றுக் குழாயிலிருந்த மண்ணை நான்தான் கம்பி விட்டு எடுத்தேன் (இது ஜெட் இல்லை, குத்தலாம்!). "இதுக்குத்தானா இவ்வளவு நாள் அலைஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார் மனிதர். மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "தம்பி, பார்ட்ஸ் மாத்த யார் வேணா மாத்தலாம். மாத்த வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் படிப்பு வேணும்" என்றார்.

நண்பர்களே, நாளை நம் கையிலும் ஸ்பேனர் இருக்கும். எதிரில் ஒரு வாத்தியார் நிற்பார். அவர் வீட்டில் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருப்பார்கள். முதலில் சோதிப்போம், பிறகு மாற்றுவோம்!