சோதனை நிற்கும் இடம்

கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பொருள் உறையும் முகவரியைத் தாங்கி நிற்பது சுட்டி. எப்பொருளையும் சுட்டாதது வெற்றுச் சுட்டி. நடைமுறையில் அதன் மதிப்பு பூச்சியம். சி மொழியில் எழுதப்பட்ட இயங்குதளக் கருவகம் வெற்றுச் சுட்டியின் வழியே பொருளைத் தேடப் புகுந்தால், கணிப்பொறி முழுவதுமே நின்றுவிடக்கூடும். ஆகவே, 'சுட்டி வெற்றோ?' என வினவும் காப்புச் சோதனையை நிரலர் எழுதுவர். அவ்வினா அமையும் இடமே இங்கு நாம் கருதத்தக்கது.

2009-இல் வெளியான லினக்ஸ் 2.6.30 கருவகத்தின் 'டன்' என்னும் பிணையச் செலுத்தியில் அச்சோதனை இருக்கவே செய்தது. ஆனால் அதற்கு முன்பே சுட்டி பயன்படுத்தப்பட்டுவிட்டது! ஜிசிசி தொகுப்பி என்ன செய்தது? பயன்படுத்தப்பட்ட சுட்டி வெற்றாயிருக்க மொழிவிதி இடந்தராது. எனவே பின்வரும் சோதனை வீண் என முடிவுகட்டி, அதனை நீக்கிவிட்டது. தருக்கத்தில் பிழையில்லை, விளைவோ கொடிது. பூச்சிய முகவரியில் தன் தரவை வைக்க வல்ல சாதாரணப் பயனர் ஒருவர் கருவகத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி பிறந்தது. அவ்வாண்டு ஜூலையில் பிராட் ஸ்பெங்லர் அதனைச் செய்தே காட்டினார்.

மூல நிரலைப் படிப்போர் கண்ணுக்குச் சோதனை தெரிகிறது. ஓடும் நிரலில் அது இல்லை. சோதனைகளை எங்கும் தூவிவிட்டால் போதும் என்பாரை நாம் ஏற்பதற்கில்லை. வரிகளை முன்பின்னாக மாற்றியதே திருத்தம். இத்தகைய சோதனைகளை நீக்கலாகாது எனத் தொகுப்பிக்குக் கட்டளையிடும் வழக்கமும் அவ்வாண்டே லினக்ஸ் கருவகத்தில் ஏற்பட்டது.