பல்லப்கர் முதியவர்களும் நம் வீட்டு மஞ்சளும்

தில்லிக்குத் தெற்கே, பரீதாபாத்தை அடுத்துள்ள பல்லப்கர் வட்டாரத்துக் கிராமங்கள் முதுமை மறதி நோய் ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தி பெற்றவை. 1990-களில் இந்திய, அமெரிக்க மருத்துவ நிபுணர்கள் கூட்டாக அங்குள்ள 28 கிராமங்களில் ஆய்வு நடத்தினர். 55 வயதும் அதற்கு மேலும் ஆன 5,126 பேர் பரிசோதிக்கப்பட்டனர். இவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் எழுத்தறிவில்லாதவர்கள். ஆகவே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பதில் சொல்லும்படியான ஞாபகசக்திச் சோதனை ஹிந்தியில் தயாரிக்கப்பட்டது.

2001-ல் வெளியான முடிவு வியப்பளித்தது. 65 வயதைக் கடந்தவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் புதிதாக அல்ஜைமர் நோய் காண்பவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பகுதி ஒன்றில் 17.5, பல்லப்கரிலோ 4.7 மட்டுமே!

மஞ்சள்தான் காரணமா?

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதமே. ஆனால் உடல் உபயோகிக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அதற்கே செலவாகிறது. அப்போது உண்டாகும் சில கழிவு அணுக்கள், இரும்பைத் துரு அரிப்பதுபோல் மூளைத் திசுக்களைச் சேதப்படுத்துகின்றன. இதைத் தடுக்கும் சத்துகள் காய், கனி, தேயிலை, மஞ்சள் முதலியவற்றில் உள்ளன. மஞ்சளில் உள்ளது குர்குமின். அது சுண்டெலிகளின் மூளையில் அல்ஜைமர் படிவுகளைக் குறைத்ததாக 2001-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் அறிவித்தனர். உடனே, இந்தியக் கிராமவாசிகளைக் காப்பது மஞ்சளே என்ற பேச்சு பரவியது.

ஆனால் பல்லப்கர் ஆய்வு யார் எவ்வளவு மஞ்சள் சாப்பிட்டார் என்று கணக்கெடுத்ததல்ல. அல்ஜைமருக்கு வழிகோலும் ஒரு மரபணு அங்கே குறைவாக இருந்ததும் தெரிய வந்தது. நோய் கண்டவர்கள் நெடுநாள் உயிர்வாழாததும் காரணமாயிருக்கலாம்.

மிளகின் உதவி

தவிர, குர்குமின் ரத்தத்தில் எளிதில் சேருவதில்லை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் அது 20 மடங்கு அதிகமாகச் சேருவதை 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். நம்மவர் ரசத்தில் இரண்டும் உண்டு. எனினும், சோதனையில் தரப்பட்டது 2 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதமே. ஒரு சிட்டிகை மஞ்சளில் கிடைப்பது மிகச் சொற்பம்.

நோயாளிகளுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையொன்று 2012-ல் பலனில்லை என்றது. எளிதில் ஜீரணிக்கும்படி தயாரித்த குர்குமினை நோயற்ற 40 பேரிடம் 18 மாதம் சோதித்ததில் நினைவாற்றல் கூடியதாக 2018-ல் மற்றொரு முடிவு வந்தது. நாற்பது பேரை வைத்து மருந்தென்று முடிவு கட்ட முடியாது.

செய்ய வேண்டியது

இதனிடையே தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் பங்கேற்ற நாடளாவிய ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயால் அவதிப்படுவதாக 2023-ல் மதிப்பிட்டது. மஞ்சள் சாப்பிடும் நாடு என்பதால் நாம் தப்பிவிடவில்லை.

ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, காது மந்தம், புகைப் பழக்கம், தனிமை ஆகியவற்றைக் கவனித்தால் நோயாளிகளில் கணிசமானோரைக் காப்பாற்றலாம் என்பது நிபுணர் கருத்து. ரசம் தொடரட்டும்; கீரையும் பழமும் சேரட்டும். அதிக அளவு மஞ்சள் மாத்திரைகள் சிலருக்கு ஈரலைப் பாதித்திருப்பதால் அவற்றை டாக்டரைக் கேளாமல் விழுங்க வேண்டாம். வீட்டுப் பெரியவர் பழகிய வழியை மறந்தால் ‘வயசாச்சு’ என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுவதே உத்தமம்.